200 எம்.பி. பிளானுக்கு 100 எம்.பி. ரவுட்டர்: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் ஃபைபர் இணைய வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: 200 எம்.பி. (நொடிக்கு 200 மெகாபிட் வேகம்) என்று விற்ற இணைப்பு ஒருநாளும் அந்த வேகத்தைத் தராதது. ரவுட்டரை மாற்றித் தரவும், மாலை நேர வேகத்தைச் சரிசெய்யவும், இயலாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் வீட்டிலேயே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுப்பவன். ஸ்டுடியோக்காரர்கள் போட்டோக்களைக் கொடுப்பார்கள். நான் ஷீட் ஷீட்டாக வடிவமைத்து, பிரிண்ட் போடும் லேபுக்கு நெட்டில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஒரு ஆல்பம் 8 ஜி.பி. வரை வரும். அதனால் எனக்கு டவுன்லோடை விட அப்லோடுதான் முக்கியம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், உங்கள் இணைப்பை வாங்குவதற்கு முன் உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடமும் இதையேதான் முதலில் சொன்னேன்.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, வேலை கொஞ்சம் ஓய்வாக இருக்கும். நெட் கம்பெனியை மாற்றுவதென்றால் அப்போதுதான் மாற்ற முடியும். எங்கள் பழைய இணைப்பு 50 எம்.பி., அப்லோடு 20. மோசமில்லை. ஒரு ஆல்பம் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ஆனால் மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் போன்களும் கூடிவிட்டன, இன்னும் வேகமானதாகப் போடலாம் என்று நினைத்தேன். அவசரப்படவில்லை. தெருவில் நாலு வீட்டில் விசாரித்தேன். மூன்று கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினேன். எல்லோரிடமும் கேட்டது நாலே கேள்வி. அப்லோடும் டவுன்லோடும் ஒரே அளவா? மாத டேட்டா வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும்? ராத்திரி 9 மணிக்கு என்ன வேகம் வரும்? ரவுட்டர் யாருடையது?

உங்கள் பிரதிநிதி நாலுக்கும் பதில் சொன்னார். "இருநூறுக்கு இருநூறு வரும் சார், ஏறுறதும் இறங்குறதும் ஒண்ணுதான், ரவுட்டர் ஃப்ரீ" என்றார். மாதம் 800 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 944. ஆறு மாதத்துக்கு முன்பணமாக 5,664 ரூபாய் கட்டினேன். ரசீது நகல் இத்துடன் இருக்கிறது.

நாலு மாதம் ஆகிறது. 200 என்ற எண்ணை என் வீட்டில் யாரும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

முதல் மாதம் வைஃபைதான் காரணம் என்று நினைத்தேன். பழைய கட்டடம், சுவர்கள் கெட்டியானவை, ஒரு அறை தாண்டினால் சிக்னல் குறையும் என்பது எனக்கும் தெரியும். அதனால் லேன் கேபிளை நேராக ரவுட்டரில் செருகி, எல்லாப் போன்களின் வைஃபையையும் அணைத்துவிட்டுச் சோதித்தேன். காலை 6 மணிக்கு 94 வந்தது. மறுநாளும் 94. அதற்கு மறுநாள் 93. தினமும் அதே இடத்தில் போய் நிற்கிறதே, ஏதோ தடுக்கிறது என்று தோன்றியது. கம்ப்யூட்டரில் லேன் இணைப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தால் லிங்க் ஸ்பீடு, அதாவது கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே போகக்கூடிய அதிகபட்ச வேகம், 100 என்று இருந்தது. அதே கேபிளை, அதே கம்ப்யூட்டரை நண்பர் ஒருவரின் ரவுட்டரில் செருகிப் பார்த்தேன், 1000 காட்டியது. அப்புறம் நீங்கள் கொடுத்த ரவுட்டரைக் கழற்றித் திருப்பினேன். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில், லேன் போர்ட் 10/100 என்றும், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும் அச்சடித்திருக்கிறது. போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்.

100 எம்.பி. போர்ட்டில் நடைமுறையில் 94, 95க்கு மேல் போகாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோ, பக்கத்து வீடுகளின் சிக்னல்களெல்லாம் ஒன்றோடொன்று மோதும் எங்கள் தெருவில் 40, 45ஐத் தாண்டுவதில்லை. ஆக, என் வீட்டில் வைத்திருக்கும் பெட்டியின் வழியாக 200 எம்.பி. வெளியே வரவே முடியாது. கேபிளிலும் வராது, வைஃபையிலும் வராது. இந்த ரவுட்டரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது உங்கள் நிறுவனம். 200 பிளானுக்கு இதுதான் போகிறது என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறீர்கள்.

ஒப்பந்தத்தில் "200 வரை" என்று எழுதியிருக்கிறது, அதிகபட்சம் என்றுதான் அர்த்தம் என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் சொன்னார்கள். சரி, வேகம் கூடிக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "200 வரை" என்றால் என்றைக்காவது ஒருநாள், விடிகாலை 3 மணிக்காவது, 200ஐத் தொட வழி இருக்க வேண்டும். வழியே இல்லாத எண்ணை எழுதி மாதா மாதம் பணம் வாங்குவதை எப்படி ஏற்பது?

இன்னொருவர், அரசு விதிப்படி 2 எம்.பி.க்கு மேல் வந்தாலே பிராட்பேண்ட்தான் என்றார். அது உண்மைதான், 2023 ஜனவரியில் குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். ஆனால் எதைப் பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என்பதற்கான வரையறை அது. 200க்குப் பணம் வாங்கிவிட்டு 2 கொடுத்தால் போதும் என்று அதில் எங்கேயும் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006இல் கொண்டுவந்த தர விதிமுறையிலேயே, சந்தா கட்டிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும் என்று இருந்தது. 200க்கு அது 160. இந்த ரவுட்டரில் 160ம் வராது. இப்போது 2024 அக்டோபர் 1 முதல் புதிய தர விதிமுறைகள் நடைமுறையில் இருக்கின்றன. என்னைவிட உங்கள் அலுவலகத்துக்கு அவை நன்றாகத் தெரியும்.

இது வரை சொன்னது காலை நேரத்து நிலவரம். ராத்திரி இன்னும் மோசம். இரண்டு வாரம், தினமும் ராத்திரி 9 மணிக்குக் கேபிளில் சோதித்து நோட்டில் எழுதி வைத்தேன். டவுன்லோடு 18லிருந்து 25. அப்லோடு 3லிருந்து 5. 11 மணிக்கு மேல் மெல்ல ஏறும்.

ஆவணி முகூர்த்தத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு ஸ்டுடியோவுக்கு மறுநாள் காலை 7 மணிக்குள் ஃபைல் லேபில் இருந்தாக வேண்டும். மணப்பெண் வீட்டார் மறுவாரம் வெளிநாடு போகிறார்கள். வேலை முடிந்தபோது ராத்திரி 8.45. ஏற்ற ஆரம்பித்தேன். உங்கள் 200 உண்மையாக இருந்திருந்தால் 8 ஜி.பி. ஆறு நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். திரையில் நாலரை மணி நேரம் என்று காட்டியது. 30 சதவீதம், 34 சதவீதம் என்று நகர்ந்தது. 41இல் அறுந்து, மறுபடி முதலிலிருந்து. என் மனைவி இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்தாள். ஒரு மணிக்கு மூன்றாவது தடவையும் அறுந்தது. அதற்கு மேல் எனக்கு நம்பிக்கையில்லை. ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டுக்கொண்டு, விடிந்ததும் முதல் மெட்ரோவில் தண்டையார்பேட்டையில் ஏறி எல்.ஐ.சி.யில் இறங்கி, லேப் கதவு திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வேலை கெடவில்லை. ஆனால் அந்த ஸ்டுடியோக்காரர் பதினைந்து வருடமாக என்னிடம் வருபவர். "என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து தடவை புகார் பதிவு செய்தேன். ஒவ்வொரு தடவையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். இரண்டு தடவை யாரும் வராமலேயே, புகார் சரிசெய்யப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. ஒரு தடவை வந்தவர், வேலை தொடங்கும் முன்பே ஓடிபி கேட்டார். ஓடிபி கொடுத்தால் புகார் முடிந்ததாகக் கணக்காகிவிடும் என்பது எனக்குத் தெரியாது, கொடுத்துவிட்டேன்.

கடைசியாக வந்த தம்பி ஒருவர் மட்டும் பொறுமையாகப் பார்த்தார். ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரை ஃபைபரில் செருகிக் காட்டினார், மைனஸ் 19. "லைட் நல்லா வருது சார், உங்க வீட்டு லைன்ல குறை இல்ல" என்றார். ஒரு ஃபைபரை ஸ்ப்ளிட்டர் போட்டு எத்தனையோ வீடுகளுக்குப் பிரிக்கிறோம், சாயங்காலம் எல்லோரும் உட்காரும்போது மேலே நெரிசல் ஆகிறது என்று உள்ளதைச் சொன்னார். தயவுசெய்து அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்காதீர்கள். உங்கள் நிறுவனத்திலிருந்து எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பகிர்ந்துகொள்வதில் தப்பில்லை. தெருக் குழாயில் எல்லோரும் ஒரே நேரத்தில் குடம் வைப்பதில்லை என்ற கணக்கில்தான் எந்தக் கம்பெனியும் இணைப்பு கொடுக்கிறது. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில் ஒரு ஃபைபரில் இறங்குவதற்குச் சுமார் 2.5 ஜிகாபிட், ஏறுவதற்கு 1.25 ஜிகாபிட், அதை 32 வீடு, 64 வீடு என்று பிரிக்கிறார்கள். ஆனால் ராத்திரி 9 மணிக்கு அப்லோடு 4க்கு விழுகிறதென்றால், குடங்கள் எத்தனை என்று எண்ணாமலேயே இணைப்பு விற்றுக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் அர்த்தம். எங்கள் தெருவில் இன்னமும் உங்கள் ஆட்கள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போனில் ஒரு வார்த்தை சொன்னார்கள், அதை எழுதாமல் விட முடியாது. "உங்க ஏரியாவுல இவ்வளவுதான் சார் வரும்." எங்கள் ஏரியா என்றால் என்ன? காசிமேடு, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்றால் பாதி போதுமா? பிளான் விற்கும்போது ஏரியா பார்த்து விலையைக் குறைத்தீர்களா? காலை 6 மணிக்கு 94இல் போய் நிற்பது ஏரியாவால் இல்லை, நீங்கள் வைத்த ரவுட்டரால். ராத்திரி விழுவதும் ஏரியாவால் இல்லை. கொடுத்த இணைப்புகளுக்கு ஏற்ற கொள்ளளவை மேலே நீங்கள் போடாததால். இங்கே பிறந்து வளர்ந்தவன் நான். அந்தச் சொல் என் மனதைப் புண்படுத்தியது. அதைச் சொன்னவருக்கு எழுதிக் கொடுத்துப் பேச வைத்தது யார் என்று விசாரியுங்கள்.

என் பேச்சைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா உட்பட மூன்று வீட்டார் உங்கள் இணைப்பை வாங்கினார்கள். அவர்கள் வீட்டிலும் இதே ரவுட்டர்தான். அக்காவின் மகன் ஆன்லைனில் கோச்சிங் படிக்கிறான். ராத்திரி வகுப்பில் படம் உறைந்துவிட்டால் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அதனால் என் கோரிக்கையை அந்த மூன்று வீடுகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான்கு வீட்டுக்கும் ஜிகாபிட் லேன் போர்ட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் உள்ள ரவுட்டரைக் கட்டணமில்லாமல் மாற்றித் தாருங்கள். எங்கள் தெருவின் மாலை நேர நெரிசலைச் சரிசெய்து, என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். கடந்த நாலு மாதத்துக்கு, உங்கள் 100 பிளானுக்கும் 200 பிளானுக்கும் உள்ள வித்தியாசமான மாதம் 150 ரூபாயை வரியுடன் சேர்த்து, மொத்தம் 708 ரூபாயை என் கணக்கில் திருப்பிப் போடுங்கள். ஏழு நாளில் இது நடக்காவிட்டால், மீதமுள்ள இரண்டு மாதப் பணம் 1,888 ரூபாயையும் கொடுத்து, பாதியில் நிறுத்துவதற்கான கட்டணம் எதுவும் பிடிக்காமல் இணைப்பைத் துண்டியுங்கள். பழைய இணைப்புக்கே போய்விடுகிறேன்.

பதில் வராவிட்டால், 2012ஆம் ஆண்டு புகார் தீர்வு விதிமுறைப்படி உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவேன். அதற்குக் கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அங்கும் தீராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண், அப்புறம் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ரசீது, ரவுட்டர் ஸ்டிக்கரின் போட்டோ, இரண்டு வாரச் சோதனைக் குறிப்பு, ஐந்து புகார்களின் எண்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். ஆள் அனுப்புவதாக இருந்தால் காலையில் அனுப்ப வேண்டாம். காலையில் 94 காட்டும், சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். ராத்திரி 9 மணிக்கு அனுப்புங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன், லேன் கேபிளைத் தயாராக எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்