பொங்கல் முடிந்ததும் பூச்சி பார்க்கப் போகிறோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரத்தில், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை ஒரு நாள் காலையில் அடையாறு தொல்காப்பியப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். மழை ஓய்ந்து செடிகொடிகள் தழைத்திருக்கும் நேரம் அது. வெயில் ஏறுவதற்குள் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பிவிடுவோம்.

கோளரங்கத்துக்கோ வண்டலூருக்கோ என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த முறை, "பூச்சி பார்க்கவா?" என்று உங்களில் சிலர் பள்ளி வாசலிலேயே கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி என்பதால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நிற்கும் கறிவேப்பிலைச் செடியில் போன மாதம் புழுக்கள் இருந்தன. பார்த்த பிள்ளைகள் முதலில் செய்த காரியம் குச்சி தேடியதுதான். நசுக்கவிடாமல் ஆசிரியை தடுத்து, "தினமும் வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். முதலில் அவை பறவை எச்சம் போலவே கருப்பும் வெள்ளையுமாக இலைமேல் ஒட்டிக்கிடந்தன. பறவைகள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடட்டும் என்பதற்கான வேஷம் அது. தோலுரித்துத் தோலுரித்துப் பெரிதானதும் இலையோடு இலையாகப் பச்சை நிறத்துக்கு மாறின. ஒரு பையன் புல் நுனியால் லேசாகத் தொட்டதும், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு வெளியே வந்தது, கூடவே ஒரு நெடி. எதிரியை விரட்ட அதனிடம் இருக்கும் ஆயுதம் அவ்வளவுதான். பிறகு கூட்டுப்புழுவாகத் தண்டில் தொங்கியது. அதிலிருந்து கருப்பு இறகில் மஞ்சள் திட்டுகளோடு எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி வெளியே வந்த அன்று அந்த வகுப்பில் வேறு பாடமே நடக்கவில்லை. நானும் நடத்தச் சொல்லவில்லை.

குச்சி எடுத்த அதே பிள்ளைகள்தான் இப்போது அந்தச் செடிக்குக் காவல் இருக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. உட்கார்ந்து பார்த்தார்கள், அவ்வளவே. அப்படி உட்கார்ந்து பார்ப்பதற்கு இன்னும் பெரிய இடம் வேண்டும் என்றுதான் பூங்காவுக்குப் போகிறோம்.

குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டிக்கிடந்த அடையாறு கழிமுகப் பகுதியில் 58 ஏக்கரைச் சீர்செய்து, இந்த மண்ணுக்குரிய மரங்களையும் புதர்களையும் நட்டு, 2011இல் திறந்த பூங்கா இது. செடி வந்தது, செடியைத் தின்னும் புழு வந்தது, புழுவைத் தின்னும் பறவை வந்தது. புழு நடுவில் இல்லையென்றால் இந்த வரிசையே இல்லை என்பதைப் பாடப்புத்தகத்து அம்புக்குறிப் படத்தில் படிப்பதைவிட அங்கே நின்று பார்ப்பது நல்லது.

எருக்கஞ்செடி இருந்தால் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியைத் தேடச் சொல்லியிருக்கிறோம். அதன் புழு எருக்கிலையைத் தின்று அதிலுள்ள நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்ளும். அதனால் பறவைகள் அதை ஒதுக்கிவிடும். நம் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனைக் காட்டுவீர்களா என்று பொது அறிவுப் போட்டிக்குப் படிக்கும் ஒரு மாணவி கேட்டாள். அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்தான் போக வேண்டும்.

எறும்புக்குத் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பூங்காவுக்குப் பெயர் தந்த தொல்காப்பியர் "சிதலும் எறும்பும் மூவறிவினவே" என்றார். சிதல் என்றால் கறையான். மூவறிவு என்பது தொடுதல், சுவைத்தல், முகர்தல் ஆகிய மூன்று. முகர்தல் எறும்புக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள் வீட்டுச் சுவரிலேயே பிள்ளையோடு சேர்ந்து சோதிக்கலாம். எறும்புச் சாரைக்குக் குறுக்கே ஈர விரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். வரும் எறும்புகள் அந்தக் கோட்டருகே நின்று, உணர்கொம்பை ஆட்டி, வழி தெரியாமல் அலையும். அவை போட்டுவைத்த வாசனைத் தடம் அழிந்துவிட்டது. சற்று நேரத்தில் மீண்டும் தடம் போட்டுவிடும். ஊர்ப்பக்கம் மாமரத்தில் ஏறிய யாருக்கும் முசுறைத் தெரிந்திருக்கும். இலைகளை வரிசையாக நின்று இழுத்துப் பிடித்து, தன் புழுக்களையே வாயில் கவ்வி, அவை விடும் பட்டு நூலால் இலையோடு இலையைத் தைத்துக் கூடு கட்டும் எறும்பு. அதன் கூடு கண்ணில் பட்டால் எட்ட நின்று காட்டுவோம். கிட்டப் போகவிட மாட்டோம்.

தட்டான் வாலில் நூல் கட்டியும், பொன்வண்டைத் தீப்பெட்டியில் வளர்த்தும் விளையாடிய தலைமுறை உங்களுடையது. அந்த நெருக்கம் இன்றைய பிள்ளைகளுக்கு இல்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் பிடிப்பதும் கட்டுவதும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். வலை, பாட்டில், டப்பா எதுவும் கொண்டுவர வேண்டாம். மழைக்காலத்தில் தெருவில் கூட்டமாகப் பறக்கிறதே, அந்தத் தட்டான் இனம் மாலத்தீவைத் தொட்டு இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை போகிறது. விரல் நீளப் பூச்சிக்கு அத்தனை தூரப் பயணம் இருக்கிறது.

டெங்கு பயம் பலருக்கு இருக்கும். அந்தக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில், பெரும்பாலும் வீட்டைச் சுற்றியுள்ள தொட்டியிலும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிடுவது. குளத்தில் தட்டானின் இளம்பருவம் கொசுப்புழுக்களையும் தின்று வளர்கிறது. இருந்தாலும் முழுக்கை, முழுக்கால் உடையோடு அனுப்புங்கள். கொசுவிரட்டி களிம்பு பூசுவதென்றால் வீட்டிலேயே பூசிவிடுங்கள். ஸ்பிரே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். தேனீயோ குளவியோ கொட்டி உங்கள் பிள்ளைக்கு மூச்சுத் திணறலோ முகம், உதடு வீக்கமோ எப்போதாவது வந்திருந்தால் ஒப்புதல் படிவத்தில் அவசியம் எழுதுங்கள். மருத்துவர் மருந்து கொடுத்திருந்தால் அதையும் வகுப்பாசிரியரிடம் நேரில் ஒப்படையுங்கள். முதலுதவிப் பெட்டியோடு இரண்டு ஆசிரியர்கள் உடன் வருவார்கள்.

லென்ஸ் பள்ளியிலிருந்து தருகிறோம். பழைய நோட்டு, பென்சில், தண்ணீர், டிபன் பாக்ஸில் சாப்பாடு போதும். சிப்ஸ் பாக்கெட் தவிருங்கள். பேருந்துச் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்றுக்கொண்டிருப்பதால் பணம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

திரும்பி வந்த அன்று உங்கள் பிள்ளை கரப்பான் பூச்சிக்கு எத்தனை கால், சிலந்தி பூச்சியா, ரயில் பூச்சி ஏன் பூச்சி இல்லை என்றெல்லாம் கேட்டு நச்சரிக்கும். தயவுசெய்து "சீ, கையைக் கழுவு" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். கூடவே குனிந்து எண்ணிப் பாருங்கள்.

வயலும் தோப்பும் தெரிந்த தாத்தா பாட்டி யாரேனும் வீட்டில் இருந்தால், எங்களோடு வரச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு இடம் வைத்திருக்கிறோம். கையொப்பமிட்ட படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்