வளைந்த பீமும் வாளித் தண்ணீரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டுமானத்தின்போது அடிபடும் இரும்பு பீம்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, ‘சூடாக்கி நிமிர்த்திக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. அதைப் படிப்பவர் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, பீம் சிவந்ததும் சம்மட்டியால் அடித்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார். வளைவு போய்விடும், இரும்பும் கெட்டுவிடும்.

முதலில் டார்ச்சையே எடுக்கக் கூடாது. வெல்டின் ஓரத்திலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் சுத்தம் செய்து, டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் வெறும் நிமிர்த்தல் உதவாது. வடிவமைப்புப் பொறியாளரிடம் போக வேண்டிய விஷயம் அது.

சாதாரணக் கட்டுமான எஃகை 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது. குவென்ச் செய்து டெம்பர் செய்த எஃகென்றால், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி வலுவேற்றியது என்றால், சுமார் 600தான். நிறத்தை நம்பாதீர்கள். நிழலில் சிவப்பாகத் தெரிவது வெயிலில் கறுப்பாகவே இருக்கும். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் கிரேயானால் கோடு இழுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

பீமை நிமிர்த்துவது அடி அல்ல, சுருக்கம். வளைவின் வெளிப்புறம் அகலமாக வரும்படி ஆங்கில ‘வி’ (V) வடிவம் வரைந்து, கூர்முனையில் தொடங்கி நெளிந்து நெளிந்து அகன்ற பக்கம் வரை சுடரை நகர்த்த வேண்டும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விரியவிடாததால் சூடான பகுதி தடிக்கும்; ஆறும்போது நீளம் குறையும். ஒரு சுற்றில் கிடைப்பது கொஞ்சம்தான். 120 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே அடுத்த சுற்று. ஜாக்கி வைப்பதென்றால் சூடாக்கும் முன்பே அளவாக இறுக்கிவிட வேண்டும். சூட்டில் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. அவசரக்காரர்கள் ஆறிக்கொண்டிருக்கும்போது அடிப்பார்கள்: 200 முதல் 370 டிகிரிக்குள், நீலம் பாயும் அந்த நிலையில், இரும்பு எளிதில் விரிசல் விடும்.

தவறாகப் போட்ட துளையை வெல்டால் அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து மறைப்பதும் வழக்கமாகிவிட்டது. மாறிமாறி இழுவிசை வரும் இடத்தில் அது விரிசலுக்குப் போடும் விதை. வலு போதுமென்று கணக்கு சொன்னால் துளையைத் திறந்தே விடலாம், அல்லது போல்ட் போட்டு இறுக்கலாம். டார்ச் பிசகி விழுந்த சிறு பள்ளத்துக்கும் வெல்ட் வேண்டாம். 1 பங்கு ஆழத்துக்கு 10 பங்கு நீளம் என்ற சரிவில், விசை ஓடும் திசையிலேயே தேய்த்தால் போதும்.

நிமிர்த்தி முடித்ததும் சூடுபட்ட இடம் முழுவதற்கும் மறுபடி டை பெனட்ரன்ட். பக்கத்தில் சூடேறிய ஹைடென்சில் (அதிக இழுவலு கொண்ட) போல்ட்களை மீண்டும் முறுக்கி ஒப்பேற்றாமல் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

— ஒரு வாசகர்