விடிந்ததும் கலைக்கிற வேடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், திருநங்கை வீராங்கனைகளைப் பற்றிய கட்டுரையில், ஆண்கள் பெண் வேடமிட்டுப் பதக்கம் அள்ளுகிறார்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு வேடம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாக எழுத ஒருவரால் முடிகிறதே! இரவிரவாக ஆடும் எங்கள் வடமோடிக் கூத்தில் பெண் பாத்திரத்துக்கு ஆண்கள்தாம் உடுத்து ஆடினார்கள். விடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு வயலுக்குப் போனார்கள். ஒரு திருநங்கை எந்த விடியலில் எதைக் கழுவிவிட்டுப் போவார்?

போகட்டும். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃபையும், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையால் பறிகொடுத்த புதுக்கோட்டைச் சாந்தியையும் அதே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். இருவரும் பெண் பிள்ளைகளாகவே வளர்ந்தவர்கள், திருநங்கைகள் அல்லர். இது தங்களுக்குத் தெரியாததல்ல. எழுதியவருக்குத்தான் தெரியவில்லை போலும்.

நான் நியாயம் வேண்டாம் என்பவள் அல்ல. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளை ஓடவிட்டவள். ஐந்தாம் வகுப்பில் பையன்களை முந்திய பெண் பிள்ளைகள், சாதாரண தர வகுப்புக்கு வரும்போது அதே பையன்களின் முதுகைத்தான் பார்ப்பார்கள். குரல் உடையும் வயதில் எலும்பும் தசையும் ஏறிவிடுகின்றன. பின்னர் மருந்தால் ஹோர்மோனைக் குறைத்தாலும் உயரம் குறையாது. ஆகவே ஆணாகப் பருவமடைந்தவர்களுக்குப் பெண்கள் பிரிவில் இடமில்லை என்று ஓட்டம், பாய்ச்சல் போன்ற போட்டிகளை ஆளும் உலக மெய்வல்லுநர் அமைப்பு 2023இல் எடுத்த முடிவை ஏற்கிறேன். ஆனால் பதக்கம் அள்ளுகிறார்கள் என்று எழுதியவருக்கு, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கிய நியூசிலாந்துத் திருநங்கை லோரல் ஹபார்ட் ஒரு முறைகூடச் சரியாகத் தூக்காமல் வெளியேறியதைச் சொல்ல இடமில்லாமல் போயிற்றா?

தொண்ணூறுகளில் ஒரு வலய மட்டப் போட்டிக்குப் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைப் பிள்ளை ஒருத்தியை அழைத்து வந்தேன். விறகு சுமந்து தோள் அகன்றவள், மார்பு தட்டையானவள், வெறுங்காலில் 400 மீற்றர் ஓடுபவள். வாவியைத் தோணியில் கடந்து, சோதனைச் சாவடியில் ஒரு முறை உடலைத் தடவவிட்டு வந்தவளுக்கு மைதானத்திலும் ஒரு சோதனை காத்திருந்தது. வேறொரு பாடசாலைக்காரர் இது பெண்தானா என்று முறையிட, இரண்டு பேர் அவளை வகுப்பறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பெண்தான் என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்கள். இறுதிப் போட்டிக்குக் கூப்பிட்டபோது இலக்கம் தைத்த துணியை என் கையில் தந்துவிட்டாள். அவள் பிறகு ஓடவேயில்லை. கதவுக்கு வெளியே வாய் மூடி நின்றவள் நான்.

2025 செப்டம்பர் முதல் உலக மெய்வல்லுநர் போட்டிகளின் பெண்கள் பிரிவுக்குப் போகிறவர்கள் வாழ்நாளில் ஒரு முறை மரபணுச் சோதனை செய்ய வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தால் போதும். அது சரியா பிழையா என்று அறிஞர்கள் அடிபடட்டும். இங்கே பஞ்சும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. தங்கள் வரி ஒன்றே போதுமாக இருக்கிறது. கட்டுரை வந்த மறுநாள் மாலையே, பயிற்சியில் ஓடிய நெட்டையான பிள்ளை ஒருத்தியைப் பார்த்து வேலியோரம் நின்றவர் வேடம் என்றார். ஆறரை அடிக்கு மேல் வளர்ந்த தர்ஜினி சிவலிங்கம் நாட்டுக்காக வலைப்பந்து போட்டபோது மட்டும் அந்த உயரம் நமக்குப் பெருமையாக இருந்தது.

பெண் பிள்ளைகள் உடுப்பு மாற்ற மைதானத்தில் ஒரு மறைப்புக்கூட இல்லை என்று முன்னர் மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றும் வரவில்லை. எங்கள் கபடி அணி வென்ற செய்திக்கு இரண்டு அங்குலம், கிரிக்கெட் வீரர் ஒருவரின் கலியாணத்துக்கு அரைப் பக்கம்.

இப்போது கேட்பது சிறியது. கெலிஃபும் சாந்தியும் திருநங்கைகள் அல்லர் என்று அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். சென்ற தடவை நான் சுட்டிய பிழைக்கான திருத்தத்தை மரண அறிவித்தல்களுக்குக் கீழே போட்டிருந்தீர்கள்; கண்ணாடி போட்டும் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கல்லடி.