காட்பாடி பலகையும் 870 அடி புகையும்

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன், மூன்றாவதில் பாதி காற்றுச் சத்தம்தான், இருந்தாலும் விஷயம் புரிந்தது. கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரணாம்பட்டு நிலத்தில் போட்ட போர் 870 அடி போயும் தண்ணீர் இல்லை, வெறும் கல்தூள் புகைதான். 310 அடியில் லேசாக ஈரம் காட்டியது, உன் தம்பி அதைப் பார்த்துவிட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு டீ வாங்கப் போனான், அவன் திரும்புவதற்குள் மறுபடி வெள்ளைத் தூள். நான் நிலத்தடி நீர் பார்க்கிற மீட்டர் வைத்துக் குறித்துக் கொடுத்த இடம். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற பெரியவர் காட்டியது அதற்கு இருபதடி தள்ளி. இப்போது டீக்கடையில் அவருக்குத்தான் மரியாதை.

பூமியின் ஈர்ப்பை அளக்கிற மிஷினை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் பார்க்க முடியாதா என்று கேட்டாய். நம் ஊர்ப் பாறையில் முடியாதுடா. கிராவிமீட்டர் என்பது அடிப்படையில் ஸ்பிரிங்கில் தொங்குகிற ஒரு எடை. கீழே கனமான கல் இருந்தால் ஸ்பிரிங் ஒரு துளி கூடுதலாக நீளும், லேசான கல் என்றால் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஈர்ப்பு மாறுபாடு என்கிறார்கள். அளவு மில்லிகால், அதாவது மொத்த ஈர்ப்பில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நல்ல கருவி அதிலும் நூற்றில் ஒரு பங்கைப் பிடித்துவிடும். இப்போது நம் கணக்கைப் பார். ஒரு மீட்டர் கனத்துக்கு வெறும் தண்ணீரே பாய் விரித்தமாதிரி பூமிக்குள் பரவிக் கிடந்தாலும் 0.04 மில்லிகால்தான் கூடும். நம் பக்கத்துக் கல்லில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் நின்றாலே பெரிய விஷயம், ஆகவே நீர்மட்டம் பத்து மீட்டர் ஏறினாலும் உண்மையில் சேர்ந்தது 20 செ.மீ. தண்ணீர், 0.008 மில்லிகால். கருவியை ஓர் அடி உயர்த்தி வைத்தாலே அதைப்போல பத்து மடங்குக்கு மேல் மாறிவிடும். இந்த லட்சணத்தில் 500 அடிக்குக் கீழே கையகல வெடிப்பை எங்கே தேடுவது?

வானத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. 2002-இல் கிரேஸ் என்று இரண்டு செயற்கைக்கோள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் விட்டார்கள். கீழே எடை கூடின இடம் வந்தால் முன்னால் போவது முதலில் இழுபடும், இடைவெளி மாறும், அதை அளந்தார்கள். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் 2002 முதல் 2008 வரை 109 கன கி.மீ. நிலத்தடி நீர் காணாமல் போனதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். மாநிலக் கணக்கு தெரியும், உன் நாலு ஏக்கர் தெரியாது.

ஆனால் உன் கேள்வி எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. போன மாதம் காட்பாடி ஸ்டேஷனில் ரயில் லேட். சும்மா இருக்காமல் போனில் ஜிபிஎஸ் உயரம் பார்த்தேன். மஞ்சள் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் இருநூற்றுச் சொச்சம் மீட்டர் என்று இருக்கிறது, போன் அதைவிட எண்பது தொண்ணூறு மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. சில ஆப்கள் திருத்திக் காட்டும், என்னுடையது அப்படியே காட்டியது. போனும் பலகையும் இரண்டும் சரிதான் என்பதுதான் வேடிக்கை. போன் பூமியைக் கணக்குப்படி வழவழப்பான ஒரு உருண்டையாக வைத்துக்கொண்டு அளக்கிறது. பலகை கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது. நம் பக்கத்தில் கடல் மட்டமே அந்தக் கணக்கு உருண்டைக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே அந்தப் பள்ளம் 106 மீட்டர் வரை போகிறது, உலகத்திலேயே ஆழமானது அதுதான். கப்பலில் போகிறவனுக்குத் தெரியாது, ஏனென்றால் கொத்தனாரின் ரசமட்டம் எதை மட்டம் என்று சொல்கிறதோ, தண்ணீரும் அதைத்தான் மட்டம் என்கிறது.

ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடல் மட்டம் இப்படி இறங்கிவிடும். ஏன் அங்கே ஈர்ப்பு குறைவு? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தெபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும் 2023-இல் ஒரு பதில் சொன்னார்கள். கடந்த 14 கோடி ஆண்டுகளில் பூமிக்குள் நடந்த ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது பழைய டெத்திஸ் கடலின் தரை உள்ளே மூழ்கியது, அது ஆப்பிரிக்காவுக்கு அடியில் கிடந்த சூடான பொருளைக் கலக்கிவிட்டது, அந்தச் சூடான, லேசான சரக்கு வந்து நின்றதுதான் காரணம் என்கிறார்கள். காட்பாடி பிளாட்பாரத்தில் என் போன் குறைத்துச் சொன்னதற்கு இவ்வளவு பழைய சண்டை காரணம் என்றால் ரயில் லேட்டானதை மன்னித்துவிடலாம்.

தூக்குக்குண்டு கதை உனக்குப் பிடிக்கும். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்கிற ஆங்கிலேயர் அடிக்கோடு (முதலில் துல்லியமாக அளந்துகொள்கிற நேர்கோடு) போட்டுத் தொடங்கிய நில அளவை வடக்கே போனபோது கணக்கு உதைத்தது. இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கும் என்று பிராட் என்கிற கல்கத்தா பாதிரியார் கணக்குப் போட்டார், சுமார் 16 விகலை வந்தது (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு விகலை). கள அளவையில் தெரிந்த வித்தியாசமோ ஐந்து சொச்சம்தான். அவ்வளவு பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? 1855-இல் ஏரி என்கிற வானியலாளர் சொன்னார், மலைக்குக் கீழே லேசான பாறையில் ஆழமான வேர் இருக்கிறது, தண்ணீரில் மிதக்கிற கட்டை மாதிரி. ஒரு தப்புக் கணக்கிலிருந்து மலைக்கு வேர் இருப்பது தெரிந்தது பார், எனக்கு இதில் இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

உன் தாத்தா வேலை பார்த்த கோலார் தங்கவயலும் இந்தக் கணக்கில் வரும். அங்கே உள்ள கருநிறக் கல் பட்டைக்கு அடர்த்தி, தண்ணீரை 1 என்று வைத்தால், 3-க்குப் பக்கம், சுற்றியிருக்கிற கல்லுக்கு 2.7 போல, அதனால் அங்கே ஈர்ப்பு எகிறும். தங்கத்தால் அல்ல, டன்னுக்குச் சில கிராம் தங்கம் எந்த ஸ்பிரிங்கையும் அசைக்காது. இந்தக் கருவியின் குறையும் இதுதான். பக்கத்தில் சின்ன கனமும் ஆழத்தில் பெரிய கனமும் மேலே ஒரே எண்ணைத் தரலாம். கல்லைத் தெரிந்தவன் நடந்து பார்த்தால்தான் எது என்று ஊகிக்க முடியும். என் மீட்டரும் அப்படித்தான், 310 அடியில் நான் ஊகித்தது தப்பிவிட்டது, அதை யார் தலையிலும் போட முடியாது.

அப்புறம், எடை கூடிவிட்டது என்று புலம்பினாயே, அடிவாரத்திலிருந்து ஏலகிரி உச்சிக்குப் போ. ஏறுவது சுமார் 700 மீட்டர், உன் 70 கிலோவில் பத்து கிராம் குறையும். கொஞ்சம் பிரியாணி குறைத்தால் அதைவிட லாபம்.

இன்னொரு போர் இப்போதைக்கு வேண்டாம் என்று உன் தம்பியிடம் சொல்லிவிட்டேன். வேப்பமரத்தடியில் தூர்ந்து கிடக்கிற பழைய கிணற்றைத் தூர் வாரச் சொல்லியிருக்கிறேன், அந்த மேல்மட்ட சிதைந்த பாறையில்தான் நம் ஊர்த் தண்ணீர் தங்கும். ஆள் கூலி கேட்டு எழுதுகிறேன், பணத்தை அதற்கப்புறம் அனுப்பினால் போதும். வரும்போது காட்பாடியில் இறங்கி பலகையையும் உன் போனையும் சேர்த்து ஒரு படம் எடு, உன் ஆப் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கணும்.

உன்
குணா