உங்கள் மொறிஸ் மைனர் ஒயில் சொட்டுகிறதா? இஞ்சினை இறக்கச் சொல்வதற்கு முன் ஒருக்கா வாசியுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் மட்டும் எங்கள் கராஜுக்கு ஐந்து மொறிஸ் மைனர் கார் வந்தது. ஐந்துக்கும் ஒரே முறைப்பாடு: "அடியால ஒயில் ஒழுகுது, இஞ்சினை இறக்கிப் பின் சீலை மாத்தி விடுங்கோ." பார்த்ததில் இஞ்சின் இறக்க வேண்டியிருந்தது ஒன்றுக்குத்தான். மற்ற நாலு பேருக்கும் ஒரே கதையை நாலு தரம் சொல்லி வாய் நொந்துபோனது. சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்றுதான் இந்த மடல்.

முதலில், மாற்றச் சொல்லிக் கேட்கிறீர்களே அந்தப் பின் சீல், இஞ்சினின் பின் பக்கத்தில் ஒயிலை மறிக்கிற றப்பர் வளையம், அது உங்கள் இஞ்சினில் இல்லை. தொலைந்துபோகவில்லை, செய்யும்போதே வைக்கவில்லை. மைனரில் வந்த 803, 948, 1098 சிசி மூன்றும் ஏ சீரிஸ் என்ற ஒரே குடும்பத்து இஞ்சின்தான். (1948இல் முதல் வந்த 918 சிசி வேறு சாதி, அதை இங்கே விடுவோம்.) இவற்றின் கிராங்க் ஷாஃப்டின், அதாவது இஞ்சினுக்குள் சுற்றுகிற பெரிய தண்டின், பின் பக்கத்தில் றப்பர் சீலுக்குப் பதிலாக ஒரு மரை வெட்டியிருக்கும். இறைச்சி அரைக்கிற மெஷினுக்குள் ஒரு திருகு சுழன்று இறைச்சியைத் தள்ளுமே, அதே வேலை. ஷாஃப்ட் சுற்றும்போது வெளியே வரப் பார்க்கிற ஒயிலை அந்த மரை திரும்ப உள்ளே தள்ளிவிடும். இஞ்சினை நிற்பாட்டினால் மரையும் நின்றுவிடும், அதில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒயில் மெல்ல வழிந்து கீழே விழும். நீங்கள் வீட்டுக்கு வந்து போர்டிகோவில் விட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் விழுகிற சொட்டு பெரும்பாலும் இதுதான்.

இது விழும் என்று செய்தவர்களுக்கே தெரியும். வண்டிக்கு அடியில் படுத்து, இஞ்சினும் கியர்பொக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள், ஒரு ஓட்டை, அதில் ஒரு ஸ்பிளிட் பின், இரண்டாக மடித்த கம்பி ஆணி, தொங்கும். விரலால் தட்டினால் லொடலொடவென்று ஆடும். அது இறுக்க மறந்துபோன ஆணி இல்லை, ஆடுவதுதான் அதன் வேலை. வண்டி ஓடுகிற குலுக்கத்தில் அது ஆடி ஆடி ஓட்டையைச் சேறு அடைக்காமல் வைத்திருக்கும், வழிகிற ஒயில் கிளச் பக்கம் போகாமல் அந்த வழியாலேயே நிலத்துக்குப் போய்விடும்.

ஒரு அண்ணையின் வண்டியில் யாரோ ஒரு கெட்டிக்காரர் அந்தப் பின்னைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டையைச் சிலிக்கனால் அடைத்துவிட்டார். சொட்டு அன்றைக்கே நின்றது, அண்ணைக்கும் சந்தோஷம். மூன்று மாதம் கழித்துக் கிளச் வழுக்கத் தொடங்கியது, அக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறதே தவிர வண்டி எழும்பவில்லை என்று கொண்டுவந்தார். சிலிக்கனைக் குத்தி எடுத்தோம். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு கறுப்பு ஒயில் அப்படியே ஊற்றுண்டது, கிளச் பிளேட் அதில் ஊறிப்போய்க் கிடந்தது. சொட்டை நிற்பாட்டுவது வேறு, ஒழுக்கைத் திருத்துவது வேறு.

சரி, எவ்வளவு சொட்டினால் கவலைப்பட வேண்டும்? எங்கள் கணக்கு இது. இரவு முழுக்க நின்ற வண்டிக்கு அடியில் காலையில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி அளவு பொட்டு என்றால் விடுங்கள், அது அந்த இஞ்சினின் குணம். உள்ளங்கை அளவு என்றால் கொண்டுவாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் கண்ணாடியில் மென்படலமாக ஒயில் படிகிறது என்றால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், போன் எடுங்கள்.

இதை இவ்வளவு பெரிய மனுசத்தனமாகச் சொல்கிற நாங்களும் ஒரு தரம் வடிவாக ஏமாந்தோம். சில வருசத்துக்கு முந்தி ஒரு 948 வந்தது, ஸ்பிளிட் பின்னில் இருந்து சொட்டு. பார்த்த உடனேயே பின் பக்க மரை என்று முடிவு கட்டி இஞ்சினை இறக்கி, இப்போது வெளிநாட்டில் விற்கிற றப்பர் சீல் கிட் ஒன்றைப் போட்டு ஏற்றிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் ஆள் திரும்ப வந்து நிற்கிறார், அதே இடம், அதே சொட்டு. அன்றைக்கு டோர்ச் லைட்டோடு அடியில் கிடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒயில் பின்னால் இருந்து வரவேயில்லை. இஞ்சினின் இடது பக்கத்தில், எக்ஸோஸ்ட் மனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டு தகர மூடிகள் இருக்கும், வால்வைத் தூக்குகிற டப்பெட்டுகளை மூடுகிற டப்பெட் மூடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோர்க் காஸ்கெட், நடுவில் ஒரே ஒரு போல்ட். யாரோ ஒழுகுது ஒழுகுது என்று அந்தப் போல்ட்டை மேலும் மேலும் இறுக்கித் தகரம் நடுவில் குழிந்து கிண்ணம் மாதிரி வளைந்துவிட்டது. நடுவில் இறுக இறுக ஓரம் விட்டுக்கொடுக்கும், ஒயில் ஓரத்தால் இறங்கி, பிளொக்கின் விளிம்பு வழியாகப் பின்னால் நடந்துபோய், நல்ல பிள்ளை மாதிரி பெல் ஹவுசிங்கில் இருந்து சொட்டும். மூடியைக் கழற்றி மரக்கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கி, புதுக் கோர்க் போட்டு, கையால் இறுக்கி ஒரு சின்னத் திருப்பு. நின்றுவிட்டது. முதல் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தோம், வேறு என்ன செய்ய.

அன்றில் இருந்து எங்களிடம் ஒரு ஒழுங்கு. ஒயில் ஒழுக்கு என்று எந்த வண்டி வந்தாலும் முதல் நாள் ஸ்பானர் எடுப்பதில்லை. அடிப்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுத் தூரிகையால் உரசிக் கழுவி, காயவிட்டு, குழந்தைப்பிள்ளைப் பவுடரை மேலே தூவுவோம். (பக்கத்துக் கடைக்கார அக்கா, கராஜில் யாருக்குக் குழந்தை பிறந்தது என்று ஒருநாள் கேட்டே விட்டார்.) அப்புறம் சாவகச்சேரி வரை ஒரு ஓட்டம், சூடேறின வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து பழைய பேப்பர் விரித்து இரவு முழுக்க நிற்பாட்டுவோம். காலையில் வெள்ளைப் பவுடரில் ஒயில் நடந்த தடம் கறுப்புக் கோடாகத் தெரியும். கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் தொடங்குகிற இடம். ஒழுகுகிற இடம் எப்போதும் சொட்டுகிற இடத்துக்கு மேலேதான், பெரும்பாலும் முன்னாலும்.

பேப்பரில் விழுந்ததை மணந்தும் பார்ப்போம், சிரிக்காதீர்கள். பின் சில்லுகளைச் சுற்றவைக்கிற பின் அக்சிலுக்கு விடுகிற 90 என்ற தடித்த கியர் ஒயிலுக்குக் கந்தகம் கலந்த ஒரு கெட்ட நாற்றம் இருக்கும், தப்பவே தப்பாது. கியர்பொக்ஸில்தான் குழப்பம், ஏனென்றால் மைனரின் கியர்பொக்ஸுக்குக் கைநூலிலேயே இஞ்சின் ஒயில்தான் சொல்லியிருக்கிறது, மணம் ஒன்றுதான். அங்கே நிறத்தைப் பார்க்க வேண்டும், கறுப்பு என்றால் இஞ்சின், தேன் நிறம் என்றால் கியர்பொக்ஸ். கியர்பொக்ஸ் என்ற பெயரை நம்பி அதற்குள்ளும் 90 ஊற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். தடிப்பான ஒயிலில், கியர்களின் வேகத்தைச் சமமாக்கிச் சேர்க்கிற சின்க்ரோ சரியாகப் பிடிக்காது, கியர் மாற்றும்போது கரகரக்கும். தயவுசெய்து வேண்டாம்.

இனி மண்ணெண்ணெய்க் கதை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற பழைய வண்டிகளுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஓடியது, அதற்கு அந்த இஞ்சினைக் கும்பிட வேண்டும். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரத்தால் இறங்கி ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கியது, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள் சுவரும் தேய்ந்தது. தேய்ந்த ரிங் வழியாக எரிந்த காற்று இஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சம்புக்குள் இறங்கும், உள்ளே அமுக்கம் ஏறும், ஏறின அமுக்கம் எந்த இடுக்கு கிடைத்தாலும் ஒயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்த மரைக்கு அமுக்கத்தை எதிர்த்து நிற்கத் தெரியாது. நீங்களே பார்க்கலாம், சூடான இஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள், அதில் இருந்து கோச்சி மாதிரிப் புகை புகையாகத் தள்ளினால் பிரச்சினை சீலில் இல்லை, ரிங்கில்.

பயப்படுவதற்கு முன் காற்றுப்போக்கிக் குழாயையும் பாருங்கள். முன் டப்பெட் மூடியில் இருந்து ஒரு குழாய் கீழே இறங்கும், அது அழுக்குக் கட்டி அடைத்திருந்தாலும் இதே கூத்துத்தான். ஒரு கம்பியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தால் அரை மணித்தியால வேலை. அந்த ஐந்தில் ஒரு வண்டி இதோடேயே திருந்திவிட்டது.

கியர்பொக்ஸ் வாலில் இருக்கிற சீல் உண்மையான றப்பர் சீல்தான். இதை மாற்ற இஞ்சினை இறக்கத் தேவையில்லை, வண்டியின் பின் பக்கத்தை உயர்த்தி, கியர்பொக்ஸில் இருந்து பின் அக்சிலுக்குப் போகிற தண்டான புரொப் ஷாஃப்டை உருவி, கீழே இருந்தே மாற்றலாம். ஆனால் சீல் சும்மா பழுதாகாது. புரொப் ஷாஃப்ட் முன் முனை சீலுக்குள் ஓடுகிற இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்போம், நகம் தட்டுப்பட்டால் பள்ளம் விழுந்திருக்கிறது, அதில் எந்தப் புதுச் சீலும் நிற்காது. அந்தத் தண்டின் மூட்டான யூ ஜொயிண்ட் தேய்ந்து தட்டினாலும் அப்படியே, ஷாஃப்ட் உதறி இரண்டு மாதத்தில் புதுச் சீலைத் தின்றுவிடும். அதனால்தான் சீலுக்கு வந்தவரிடம் யூ ஜொயிண்டும் மாற்ற வேண்டும் என்கிறோம். காசு பிடுங்கவில்லை.

பின் அக்சில்தான் எங்களுக்கு உண்மையிலேயே பயம். முன்னால் ஒழுகினால் நிலம் அழுக்கு, பின் சில்லின் நடுவில் இருக்கிற ஹப்பில் ஒழுகினால் பிரேக் ஷூ அழுக்கு. பின் சில்லின் உள் பக்கத்தில் ஈரம் கண்டால் தொட்டுப் பாருங்கள். தடித்து நாறினால் அக்சில் ஒயில். மெல்லிசாக இருந்து தண்ணீரில் கழுவ உடனே போய்விட்டால் பிரேக் ஒயில். இரண்டும் கூடாது, இரண்டிலும் வண்டியை ஓட்டாதீர்கள்.

அக்சிலுக்குக் கொள்ளுவதே 0.85 லீற்றர்தான். இஞ்சினுக்கு 3.7, கியர்பொக்ஸுக்கு 1.3. "கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்று வண்டியைச் சரிவில் விட்டோ ஒரு பக்கம் ஜக் அடித்தோ அக்சிலை நிரப்பினால், கூடினது ஹப் வழியாகத்தான் வெளியே வரும். சமதரையில், லெவல் ஓட்டையால் வழியும் மட்டும், அவ்வளவுதான். அக்சிலின் மேல் பக்கத்தில் சின்னதாக ஒரு காற்றுப்போக்கியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் அது சேற்றால் அடைபடும், சூட்டில் விரிகிற காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளும். மழை முடிந்ததும் அதைத் துடைக்க ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

ஹப்பைத் திறந்தால் சீலோடு கடதாசிக் காஸ்கெட்டும் றப்பர் வளையமும் சேர்த்தே மாற்றுவோம், மூன்றில் ஒன்று பழசாக இருந்தாலும் திரும்ப ஒழுகும். வீட்டில் நீங்களே திறக்கிறீர்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள், இடது பக்க ஹப் நட்டுக்கு இடது மரை, மணிக்கூடு சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழரும். தெரியாமல் எதிர்ப்பக்கம் உளி வைத்து அடித்து அடித்துக் காயம் பட்ட நட்டுகள் எங்கள் தட்டில் ஒரு கைப்பிடி கிடக்கிறது.

போத்தலில் விற்கிற ஒழுக்கு நிற்பாட்டும் மருந்து பற்றியும் கேட்கிறீர்கள். அது றப்பரை ஊதவைத்து அடைக்கிற மருந்து. இஞ்சினின் பின் பக்கத்தில் றப்பரே இல்லை என்று மேலே சொன்னேன், அப்போ எதை ஊதவைக்கும்? சிலிக்கனை அள்ளிப் பூசுவதும் அப்படித்தான், வெளியே பிதுங்கினது உங்களுக்குத் தெரியும், உள்ளே பிதுங்கினது உதிர்ந்து போய்ச் சம்பில் ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். ஒழுகுகிற இஞ்சினைத் திருத்தலாம், ஒயில் ஏறாமல் பிடித்த இஞ்சினுக்கு நாங்கள் என்ன செய்வது.

இனி நடைமுறை. ஒழுக்குப் பார்க்க வருகிறவர்கள் வண்டியை ஒரு இரவு எங்களிடம் விட வேண்டும், கழுவிப் பார்ப்பதற்கு ஒரு சின்னத் தொகை எடுப்போம், வேலையை எங்களிடமே செய்தால் அதைக் கூலியில் கழிப்போம். வருவதற்கு முன் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டு வராதீர்கள், அந்த அழுக்கில்தான் பாதிக் கதை இருக்கிறது. கடைசியாக எங்கே, எந்த ஒயில், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி வாருங்கள். பின் சில்லில் ஈரம் என்றால் வரிசை இல்லை, நேரே கொண்டுவரலாம், ஓட்டி அல்ல, கட்டி இழுத்து.

சீல் கிட் இரண்டு கையிருப்பில் இருக்கிறது. கேட்டவுடன் போட மாட்டோம், பவுடர் போட்டுப் பார்த்த பிறகுதான்.

இப்படிக்கு,
கராஜ் ஆக்கள்