கேப்ஸ்யூல் வேண்டாம், தக்காளியை வதக்கு

அன்பு மகளுக்கு,

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்து வேலை சைட்டில் பகல் முழுக்க வெயிலில் நிற்கிறாய், முகம் சீக்கிரம் சுருங்கிவிடுமோ என்று பீட்டா கரோட்டின் கேப்ஸ்யூல் வாங்கலாமா எனக் கேட்டிருந்தாய். வாங்காதேம்மா. அந்த மாத்திரையை அதிக அளவில் எடுத்த புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியதை 1994, 1996 ஆண்டுகளில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. நீ புகைப்பதில்லைதான். ஆனாலும் கேரட்டிலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கிலும் கிடைப்பதை எதற்கு டப்பாவில் வாங்கவேண்டும்?

உனக்கு உதவக்கூடியது தக்காளியின் சிவப்பு, அதாவது லைக்கோபீன். 2001-இல் வெளியான ஒரு சிறிய ஜெர்மன் ஆய்வில், தினமும் 40 கிராம் தக்காளி பேஸ்ட்டை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு சாப்பிட்டவர்களுக்குப் புற ஊதாக் கதிர் பட்டபோது, எண்ணெய் மட்டும் சாப்பிட்டவர்களைவிடத் தோல் 40 விழுக்காடு குறைவாகச் சிவந்தது. அதுவும் 10-வது வாரத்தில்தான். 4-வது வாரத்தில் வித்தியாசமே இல்லை. பலரும் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

லைக்கோபீன் கொழுப்பில்தான் கரையும். சமைக்காத தக்காளித் துண்டில் அது செல்சுவருக்குள் அடைபட்டிருக்கும், சூடுதான் அதை விடுவிக்கும். அதனால் சாலட் போதாது. வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றிப் பூண்டு, வெங்காயம் வதக்கு. தீயைக் குறைத்து இரண்டரை மேசைக்கரண்டி பேஸ்ட் போட்டு, எண்ணெய் பிரியும்வரை கிளறு. தீ கூடினால் அடிப்பிடித்துக் கசக்கும். அதில் டின் சார்டினைச் சேர்த்தால் ஒமேகா-3 கொழுப்பும் கிடைக்கும். பேஸ்ட் வாங்கும்போது லேபிளைப் பார், தக்காளியைத் தவிர வேறு எதுவும் பெரிதாக இருக்கக்கூடாது. கெட்சப் வேண்டாம், அதில் சர்க்கரை அதிகம்.

வைட்டமின் சி விஷயம் நேர்மாறு. சூடு பட்டால் அழிந்துவிடும். தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜன் உருவாக அது கட்டாயம் வேண்டும். அங்காடிக் கடையில் வெட்டித்தரும் கொய்யா அரைப் பழம் போதும், அன்றைய தேவை முடிந்தது. பப்பாளியும் நல்லதே.

இடைவேளையில் இனிப்பான பால் தேநீரான தே தாரிக்குக்குப் பதில், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேள். இரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை கொலாஜனோடு ஒட்டி அதை விறைக்கவைக்கும், தோலின் நெகிழ்வு போய்விடும்.

இத்தனையும் எஸ்பிஎஃப் 50 என்று போட்ட வெயில்காப்புக் கிரீமுக்கு ஈடாகாது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1 மணிக்கு. சாப்பிட்டுவிட்டு வெளியே போகும் நேரமே மோசமான நேரம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குக் கிரீம் எடுத்து முகத்திலும் கழுத்திலும் தடவு. வியர்வை வழியும் வேலை, ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவவேண்டும். மேகமூட்டத்தை நம்பாதே.

இன்னொன்று, எலுமிச்சை பிழிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெயிலுக்குப் போகாதே. சாறு பட்ட இடம் வெந்து கொப்பளித்துக் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும்.

அன்புடன்,
அம்மா