சிறுவர் பக்கத்து எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் சிறுவர் இணைப்பின் தலைப்புகளில் இப்போது வரும் தடித்த, முனை மழுங்கிய எழுத்துரு (ஃபான்ட்) ‘பாலூ தம்பி’ என்று பார்த்ததுமே தெரிந்தது. மும்பையின் ‘ஏக் டைப்’ குழு உருவாக்கியது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். அச்சகத்தில் டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்யும் நான் காதுகுத்து பேனர், ஐஸ்கிரீம் கடைப் பலகை, கதைப் புத்தக அட்டை என்றால் இதைத்தான் எடுப்பேன். ‘அ’வின் சுழி உருண்டு திரண்டு நிற்கும் அழகே தனி. (கண்ணீர் அஞ்சலிக்கும் இதையே கேட்பவர்கள் உண்டு, அது வேறு கதை.)

சரி, தலைப்புக்குப் பொருத்தம். ஆனால் புதிர் விடைகளையும் அதே தடிமனில், 8 பாயிண்ட் அளவில் போடுகிறீர்களே! நாளிதழ்த் தாளில் மை பரவத்தான் செய்யும். சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொண்டு, எது மூன்று சுழி ‘ண’, எது இரண்டு சுழி ‘ன’ என்றே தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘பணி’யைப் ‘பனி’ என்று வாசித்துவிட்டு, விடை தப்பு என்று என்னோடு சண்டை போட்டாள்.

இதன் அடுத்த பதிப்பான ‘பாலூ தம்பி 2’இல் மெலிந்த வகைகளும் உண்டு. விடைகளுக்கு அதில் ‘ரெகுலர்’ என்ற சாதாரணத் தடிமனைப் போடுங்கள். அப்புறம், வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினால் நல்லது.

இப்படிக்கு,
அச்சக டிடிபி பணியாளர்,
சிவகாசி.